முதுகில் முழுப்பெயர்

மல்வேர்னில் கடைசித் தரிப்பில் பஸ்ஸை நிறுத்திவிட்டுப் பிளாஸ்கிலிருந்த தேநீரை ஊற்றிக்கொண்டிருந்தபோது யூட்டின் மனைவி நிரோஷாவின் அழைப்பு வந்தது. "அக்கா, யூட் போயிட்டார்" என்றாள். புற்றுநோய் என்று தெரியும். நாள் நெருங்கிவிட்டதென்றும் தெரியும். தெரிந்திருந்து என்ன பயன்? தேநீரை வெளியே ஊற்றிவிட்டு, அடுத்த ஓட்டத்துக்கு வேறு சாரதியை அனுப்பச் சொன்னேன்.

யூட் ஞானப்பிரகாசம் என் மச்சான். என் அப்பாவின் தங்கை மகன். பெரிய லீக்கில் பேஸ்போல் ஆடிய தமிழ்ப் பெடியன் என்றால் ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் பலருக்கு உடனே நினைவு வரும். அன்று மாலை விட்பியில் அவன் வீட்டுக்கு வந்தவர்கள் சப்பாத்தைக் கழற்ற முதலே, "பாவம், சான்ஸ் கிடைச்சும் முன்னுக்கு வரேல்லை" என்று தொடங்கிவிட்டார்கள். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். அவனைத் தெரிந்த உங்கள் எல்லோருக்கும் அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எட்டு வயது யூட்டைக் கையில் பிடித்துக்கொண்டு மன்னாரிலிருந்து வந்த மாமி, எங்கள் வீட்டு பேஸ்மென்றில், நிலத்தடி அறையில், குடியிருந்தார். ஊரிலேயே லொறி ஓட்டிக்கொண்டிருந்த மாமா, "நீங்கள் முதல் போங்கோ, நான் பிறகு வாறன்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். முதலில் விசா கிடைக்கவில்லை, பிறகு போரில் அடைபட்ட பாதை திறக்கவில்லை. யூட் தகப்பனைத் தொலைபேசியில் கேட்டுக்கேட்டே வளர்ந்தான்.

அவன் இடக்கைக்காரன். சோற்றுக்கு இடக்கையை நீட்டினால் மாமி அகப்பைக்காம்பால் ஒன்று போடுவார். "சாப்பிட ஒரு கை, எறிய ஒரு கை. ரெண்டுக்கும் வேலை வேணுமெல்லோ, அம்மா?" என்பான். எறிந்ததையெல்லாம் பிடித்தவள் நான். வீட்டுக்குப் பின்னால் வாகனம் விடும் இடத்தில் பழைய கையுறையோடு குந்தியிருப்பேன். உள்ளங்கை வீங்கிப்போய், மறுநாள் பள்ளியில் பேனை பிடிக்க முடியாமல் இருந்த நாட்கள் உண்டு.

என் அப்பா கிரிக்கெட் பைத்தியம். யூட்டின் முதல் ஆட்டத்தைப் பார்க்கப் பூங்காவுக்கு வந்தவர், அவன் எறிந்த முதல் பந்துக்கே எழும்பி, "நோ போல்! முழங்கையை மடக்கி எறியிறான்!" என்று கத்தினார். வெள்ளைக்காரப் பெற்றோர் திரும்பிப் பார்த்தார்கள். பேஸ்போலில் அப்படித்தான் எறிவது என்று நான் விளக்கியும் அவர் சமாதானமாகவில்லை. கடைசிவரை அவருக்கு அது கள்ள விளையாட்டுத்தான். ஆனால் ஒரு ஆட்டத்தையும் தவறவிட்டதில்லை.

ஊரில் போர் முடியப்போகிற அந்த வசந்தத்தில் யூட் அமெரிக்காவில் சின்ன லீக் அணியொன்றில் எறிந்துகொண்டிருந்தான். எல்லோரும் அவனை வருங்காலம் உள்ளவன் என்றார்கள். ஒருநாள் காலை எனக்குத் தொலைபேசி எடுத்தான். "மச்சாள், மேல கூப்பிட்டிட்டாங்கள்." பெரிய லீக்! அவனுடைய அமெரிக்க அணி முதலில் ஆடப்போவதோ எங்கள் ரொறன்ரோவில். வேறொரு வருடமாக இருந்தால் நான் தெருவில் இறங்கி ஆடியிருப்பேன்.

மாமா அப்போது வன்னியில், சனத்தோடு சனமாகக் கடற்கரைப் பக்கம் தள்ளப்பட்டுப் போயிருந்தார். கடைசியாகக் கதைத்தபோது, "இங்க ஷெல் விழுகுது, பிறகு எடுக்கிறன்" என்றவரிடமிருந்து பல வாரங்களாகப் பேச்சில்லை. மாமி கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு, மாமாவின் படத்தைப் பிடித்தபடி, போரை நிறுத்தச் சொல்லித் தினமும் நகரத்தின் நடுவீதியில் மற்றத் தமிழரோடு நின்றார். கோயில் வாசலில் ஒருவர் என் காதுபடவே சொன்னார்: "தேப்பன் அங்க பங்கருக்குள்ள. மகன் இங்க பந்து விளையாடப் போறானாம்."

அது யூட்டின் காதுக்கும் போயிற்று. "நான் வரேல்லை எண்டு சொல்லப்போறன், மச்சாள். மனசு ஏவுதில்லை" என்றான். அவனுடைய வாழ்நாளின் ஒரே வாய்ப்பு அது என்று எனக்குத் தெரியும். எறி என்று சொல்லவும் வாய் வரவில்லை.

அன்று பின்னேரம் திரும்ப எடுத்தான். குரல் மாறியிருந்தது. அணியின் உடுப்புக்குப் பொறுப்பான ஆள், முதுகில் தைக்கிற பெயர் நீளமாக இருக்கிறது, இந்தத் தோளிலிருந்து அந்தத் தோள்வரை போகும், 'ஞானா' என்று சுருக்கித் தைக்கவா என்று கேட்டிருக்கிறார். அந்த மனிதரைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. எங்களுக்குக் குடும்பப்பெயர் கிடையாது, பெயருக்குப் பின்னால் வருவது தகப்பன் பெயர் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

"நான் சொல்லிப்போட்டன், அது என்ர பேர் இல்லை, என்ர அப்பா. அவரை வெட்டேலாது. எழுத்தைச் சின்னனாக்கு, இல்லாட்டி உடுப்பைப் பெருசாக்கு எண்டு."

"அப்ப எறியப்போறியோ?"

"அம்மாவைக் கேக்கவேணும்."

மாமி நடுவீதியில் நின்றபடியே பதில் சொன்னார். தொலைபேசியை அவர் காதில் வைத்துக்கொண்டிருந்தவள் நான். "எறி. நான் இங்க அந்தாளின்ர படத்தைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன், ஒருத்தரும் பேர் கேக்கேல்லை. நீ பேரைக் கொண்டுபோ."

எங்களுக்குக் கிடைத்தவை மைதானத்தின் பின்பக்க மலிவு ஆசனங்கள். அங்கிருந்து பார்த்தால் எறிபவனின் முகம் தெரியாது, முதுகுதான் தெரியும். மாமி கறுப்புச் சட்டையோடு நேரே வந்து உட்கார்ந்தார். எட்டாவது சுற்றில் யூட்டை இறக்கினார்கள். ஒலிபெருக்கியில் அறிவித்தவர் ஞானப்பிரகாசத்தை நாலு துண்டாக்கித் தட்டுத்தடுமாறிச் சொன்னார். எங்களுக்கு முன்னால் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். மாமி எழும்பி நின்றார். நாங்களும் நின்றோம்.

தொடக்கம் மோசம். முதல் ஆளுக்கு நேராக எறிய முடியாமல் அவனைச் சும்மா முதல் தளத்துக்கு நடக்கவிட்டான். அடுத்தவன் அடித்த பந்து வேலி தாண்டிச் சனத்துக்குள் விழுந்தது. அப்பா தலையில் கையை வைத்துக்கொண்டார். அப்போதுதான் யூட் பந்தெறியும் மேட்டிலிருந்து இறங்கி, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி அசையாமல் நின்றான். நடுவர் கைகாட்டி அவசரப்படுத்தினார். கூட்டம் கூவியது. அவன் நின்றான். மாமி ஆங்கிலத்தை ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டித்தான் வாசிப்பார். விரலை நீட்டி, இந்தத் தோளிலிருந்து அந்தத் தோள்வரை, தன் மனுசனின் பெயரை வாய்விட்டு வாசித்து முடித்தார். பிறகு அவன் மேட்டில் ஏறி, வந்த மூன்று பேரையும் வரிசையாக வெளியேற்றினான்.

"ஏனடா அப்பிடி நிண்டனி?" என்று பிறகு கேட்டேன்.

"அம்மா வாசிச்சு முடிக்கட்டும் எண்டு நிண்டனான்."

சில நாட்களில் போர் முடிந்துவிட்டது என்றார்கள். மாமா எந்த முகாமிலும் இல்லை, எந்த ஆஸ்பத்திரியிலும் இல்லை. கண்டேன் என்று சொல்லவும் ஒருவர் வரவில்லை. யூட் அந்தக் கோடை முடியுமுன்பே முழங்கைத் தசைநார் அறுந்து வீட்டுக்கு வந்தான். குளிரூட்டி திருத்தும் வேலை படித்தான், நிரோஷாவைக் கட்டினான், விட்பியில் வீடு வாங்கினான். கொண்டாட்டங்களில் யாராவது, "உமக்கு நல்ல சான்ஸ் ஒண்டு போச்சுதே" என்று இழுத்தால், "எங்க போனது? நான் எறிஞ்சனான், அண்ணை" என்று சொல்லிவிட்டுக் கோழிப்பொரியலை எடுக்கப் போய்விடுவான்.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்கமாட்டான். இறந்தவர்களுக்கான பூசையில் மாமாவின் பெயரையும் சேர்ப்போம் என்று உறவினர் கேட்கும்போதெல்லாம் மறுத்தான். "செத்தவர் எண்டு ஆர் சொன்னது? கண்டவன் வந்து சொல்லட்டும். அதுவரைக்கும் அவர் இருக்கிறார்." மாமி செபமாலையை உருட்டுவார்.

அவன் இறந்த மறுநாள் மரண அறிவித்தலை எழுதி எல்லோருக்கும் அனுப்பினார்கள். 'காலஞ்சென்ற ஞானப்பிரகாசம், மேரி றோஸ் தம்பதியரின் அன்பு மகனும்' என்று தொடங்கியது. எழுதிய தம்பிமேல் பிழையில்லை, கை வழக்கமாக எழுதுகிற சொல் அது. நான் உடனே அவனுக்குத் தொலைபேசி எடுத்தேன். "முதல் சொல்லை எடு."

"அக்கா, இவ்வளவு வருசத்துக்குப் பிறகு... சனம் சிரிக்கும்."

"மைதானத்திலயும் சிரிச்சதுதான். எடு."

பக்கத்தில் இருந்த மாமி தொலைபேசியை வாங்கினார். அழுதுகொண்டிருந்தவரின் குரல் அப்போது அழவில்லை. "தம்பி, என்ர பிள்ளை தன்ர தேப்பனை ஒரு எழுத்தும் வெட்டவிடேல்லை. அவன் கண்ணை மூடினவுடன நீங்கள் அவரைச் சாகடிக்கப் பாக்கிறியளோ?"

அந்தச் சொல் இல்லாமல்தான் அறிவித்தல் வெளிவந்தது. கல்லறைக் கல்லிலும் யூட்டின் பெயருக்குப் பின்னால் ஞானப்பிரகாசம் முழுவதாக வரும். இடம் போதாது என்றால் எழுத்து சின்னனாகட்டும், இல்லாவிட்டால் கல்லைப் பெரிதாக்குவோம்.

நான் பிடித்த பந்துகளின் வலி இப்போது என் கையில் இல்லை. அவனிடமிருந்து நான் வைத்துக்கொள்வது, கூட்டம் கூவ, நடுவர் அவசரப்படுத்த, அவன் நின்ற அந்த நிற்புத்தான். கல்லறைக்கு வருகிறவர்கள் பூவை வைத்துவிட்டு அவசரப்பட்டுத் திரும்பாதீர்கள். மாமியும் வருவார். அவர் வாசித்து முடிக்கும்வரை நில்லுங்கள்.