இடது கைக்கு ஒரு பிடி

அமலினி இத்தாலியின் பலெர்மோ நகரில் வீடுகள் துப்புரவாக்கும் வேலை செய்கிறாள். சனிக்கிழமைகளில் சுடும் கழகத்தில் பிஸ்டல் போட்டிக்குப் பழகுகிறாள். அவள் இடதுகைக்காரி. கழகத்துப் பிஸ்டல்களின் பிடியெல்லாம் வலது கைக்கானவை என்பதால் சுட்டு முடிய மணிக்கட்டு நோகும். அதனால் தனக்கென்றே ஒரு பிஸ்டல் செய்விக்க நினைத்தாள்.

"அந்தக் காசுக்கு ஒரு ஸ்கூட்டர் வாங்கலாம்," என்றான் கணவன் ஸ்ரான்லி.

"ஓம், வாங்கலாம். நான் முதல் சுட்டுப் பாக்கிறன். பிறகு முடிவெடுக்கிறன்."

துப்பாக்கி செய்யும் நுன்சியோ, இடது கைக்கென்று செய்த மாதிரி ஒன்றைக் கழகத்துக்குக் கொண்டுவந்தார். அமலினி சுட்டாள். குண்டுகள் நடுவட்டத்தில் நெருக்கமாக விழுந்தன.

"பார்த்தீர்களா, சிஞ்ஞோரா?" என்றார் அவர்.

"இந்தப் பிடியைக் கழற்றிக் கழகத்துப் பிஸ்டலில் பூட்டுங்கள்," என்றாள் அமலினி.

இரண்டும் ஒரே வகை. அவர் விருப்பமில்லாமல் பூட்டிக் கொடுத்தார். குண்டுகள் அதே நெருக்கத்தில் விழுந்தன.

"எனக்குப் பிடி மட்டும் போதும்."

புது இரும்பின் மினுக்கத்தையும் பேர் பொறித்துத் தருவதையும் அவர் எடுத்துச் சொன்னார். அவள் அசையவில்லை. கடைசியில் அவளுடைய கையை அளந்து, வாதுமை மரத்தில் பிடி செதுக்கிக் கொடுத்தார்.

பங்குனியில் நடந்த போட்டியில் அமலினி இரண்டாவதாக வந்தாள். அடுத்த சனிக்கிழமையும் எல்லோருக்கும் முதல் பழகப் போனாள்.