தங்கையைத் திருப்பி அனுப்பிய நாள்

என் தங்கை கிளிநொச்சியில் இருக்கிறாள். நான் இருக்கும் சுருவிலில் இருந்து பஸ் மாறிப் போனால் அரை நாளில் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனாலும் அவளை நேரில் பார்த்து நான்கு வருஷமாகிறது.

தாயும் தகப்பனும் இல்லாத எங்கள் வீட்டில், அவளுடைய கல்யாணத்தை நான்தான் முன்னின்று நடத்தினேன். மாப்பிள்ளைக்கு அனலைதீவு. தோட்டம் செய்கிறவர், குடிக்கமாட்டார், மரியாதையாகப் பேசுவார். முதல் வருஷம் அவள் ஒவ்வொரு நாளும் போன் எடுத்தாள். பிறகு கிழமைக்கு ஒருமுறை. பிறகு நான் எடுத்தால் மட்டும்தான் பேசுவாள், அதுவும் ஸ்பீக்கரில். பக்கத்தில் அவர் தொண்டையைச் செருமுவது எனக்குக் கேட்கும்.

ஒரு நாள் காலைப் படகில் தனியாக வந்து, ஊர்காவற்றுறையில் இறங்கி, ஓட்டோ பிடித்து என் வீட்டுக்கு வந்தாள். வீட்டில் போடுகிற சட்டையோடு வந்திருந்தாள். கையில் பை இல்லை. இடது காது வீங்கியிருந்தது. குசினிக்குள் இருத்தித் தேத்தண்ணி கொடுத்தேன்.

“எங்கையாவது விழுந்தனியே?” என்றேன். பதிலையும் சேர்த்துக் கொடுத்த கேள்வி அது.

“இல்லை அக்கா. நான் கொஞ்ச நாள் இஞ்சை நிக்கட்டே?”

“அவர் தேடி வந்தா நான் என்ன சொல்லுறது? சனம் என்ன கதைக்கும்? உனக்கும் கொஞ்சம் வாய் கூடத்தானே. அவர் கோபமா இருக்கேக்கை பேசாமல் இருந்தியெண்டா எல்லாம் சரிவரும்.”

அவள் தேத்தண்ணியைக் குடித்து முடித்து, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். பின்னேரப் படகுக்கு நானே கூட்டிக்கொண்டு போனேன். “போயிட்டு வாறன் அக்கா” என்று ஏறினாள். அழவில்லை. நான் வீட்டுக்கு வந்து நிம்மதியாக நித்திரை கொண்டேன். இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியாதது அந்த நித்திரையைத்தான்.

எட்டு மாதம் கழித்து அவள் கை முறிந்தது. அவரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், கிணற்றடியில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லியிருக்கிறார். அங்கே ஒரு தாதி அவரைப் பதிவுத் துண்டு எழுதிக்கொண்டு வரும்படி வெளியே அனுப்பிவிட்டு, திரையை இழுத்து மூடி, மெதுவாகக் கேட்டிருக்கிறார்: “தங்கச்சி, வீட்டிலை இருக்க உமக்குப் பயமா இருக்கோ?”

அந்த ஒரு கேள்விக்கு அவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ஆஸ்பத்திரியில் இருந்தே பிரதேச செயலகத்தின் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தருக்கு அறிவித்து, அவளைப் பாதுகாப்பான ஓரிடத்தில் தங்க வைத்தார்கள். அவர் அவளுக்குக் கிட்ட வரக்கூடாதென்று நீதிமன்றம் கட்டளை போட்டது. பிறகு கிளிநொச்சியில் தையல் வேலை கிடைத்தது. இவ்வளவும் ஒரு மாதம் கழித்து, புதிய நம்பரில் இருந்து அவள் பேசியபோதுதான் எனக்குத் தெரியவந்தது.

“ஏன் பிள்ளை என்னட்டை வரேல்லை?”

“வந்தனான்தானே அக்கா.”

அவள் கோபமாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அவளுக்குப் பிடிக்குமென்று நண்டு வாங்கிச் சமைத்தால் சாப்பிட முடிவதில்லை. வீதியில் யாராவது அவளைப் போலப் பின்னலை முன்னால் போட்டுக்கொண்டு போனால், முகம் தெரியும்வரை பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

போன வருஷம் மாதர் சங்கக் கூட்டத்தில், வீட்டுக்குள் அடிவாங்கும் பெண்களைப் பற்றிப் பேச அந்த உத்தியோகத்தர் வந்திருந்தார். எல்லோரும் அடுத்த ஊர்க் கதைகளைச் சொன்னார்கள். நான் எழும்பி, “நான் என்ரை தங்கச்சியைத் திருப்பி அனுப்பினனான்” என்றேன். இரண்டு கிழமைக்குள் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் இளம் பெண் ஒருத்தி, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் படலையைத் திறந்தாள். நான் சனத்தைப் பற்றிப் பேசவில்லை. “உள்ளுக்கை வாரும். ஆர் அடிச்சது?” என்று கேட்டேன். பத்து நாள் என்னோடு நின்றாள். உத்தியோகத்தரிடம் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். இப்போது தாய்வீட்டில் இருக்கிறாள்.

இதைத் தங்கைக்குச் சொன்னேன்.

“நல்லது அக்கா” என்றாள்.

“நான் ஒருக்கா அங்கை வந்து உன்னைப் பாக்கட்டே?”

“இப்ப வேண்டாம். நான் சொல்லேக்கை வாங்கோ.”

“ஓம்” என்றேன். அவள் இன்னும் சொல்லவில்லை.