மிதிக்காத கால்

நான் கால் முந்திப் பிறந்தவன். மற்றக் குழந்தைகள் தலையை நீட்டி உலகத்துக்கு வந்தபோது நான் காலை நீட்டிக்கொண்டு வந்தேனாம். அலோர் காஜா டவுனுக்கு அப்பால் ரப்பர் மரங்களுக்கு நடுவே இருந்த எங்கள் தோட்டத்தில் அப்படிப் பிறந்தவன் நான் ஒருவன்தான். அதனால் எனக்கு நடக்கத் தெரிந்த நாளிலிருந்தே ஒரு வேலை காத்திருந்தது. கால் முந்திப் பிறந்தவன் மிதித்தால் சுளுக்கு போய்விடும் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை.

மேட்டு நிலத்தில் மரத்தைக் கீறிப் பால் வெட்டுகிறவர்களுக்குச் சுளுக்குக்குப் பஞ்சம் இருக்காது. ஈர இலையில் வழுக்கும், வடிகாலில் கால் இறங்கும், வாளி ஒரு பக்கம் இழுத்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். சாயங்காலமானால் வாசலில் குரல் கேட்கும்.

"தம்பி இருக்கானா?"

தம்பியாகிய நான் கதவுக்குப் பின்னால் இருப்பேன். அடுத்த வீட்டுக்காரர் வந்தால்கூட ஒளிந்துகொள்கிற அளவுக்கு எனக்குக் கூச்சம். அம்மா கையைப் பிடித்து இழுத்து வந்து நிறுத்துவார். வந்தவர் பாயில் படுப்பார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அவர் முதுகிலோ காலிலோ ஏறி மிதிப்பேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, "போதும் போதும், போயிருச்சுடா தம்பி" என்று எழுந்து போவார். கையில் ஒரு பிஸ்கட் கிடைக்கும். பள்ளியில் கடைசி வரிசையில் உட்காருகிறவனுக்கு இது பெரிய மதிப்பு. என் காலில் ஏதோ இருக்கிறது என்று நானும் முழுசாக நம்பினேன்.

அந்தக் கால்தான் ஒருநாள் மாட்டிக்கொண்டது.

பள்ளி விளையாட்டுப் போட்டிக்குப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. ஓட்டத்தில் என்னைச் சேர்க்கவில்லை. சாக்கு ஓட்டத்தில் சேர்த்தார்கள். கால் வெளியே தெரியாததால் எனக்கும் அது பிடித்திருந்தது. சாக்குக்குள் நின்று குதித்துக்கொண்டே போனவன் திடலில் இருந்த பள்ளம் ஒன்றில் இறங்கினேன். உள்ளே கால் எந்தப் பக்கம் மடங்கியது என்று எனக்கே தெரியவில்லை. சாக்கை உருவி எடுத்தபோது வலது கணுக்கால் வீங்கத் தொடங்கியிருந்தது. வீட்டுக்குத் தூக்கி வந்து சேர்ப்பதற்குள் அது கத்தரிக்காய் நிறத்துக்கு மாறிவிட்டது.

எங்கள் வீட்டு முன் கூட்டம் கூடியது. தோட்டத்துக்கே சுளுக்கு எடுக்கிறவனுக்குச் சுளுக்கு வந்தால் யார் மிதிப்பது? அம்மாவின் தம்பி, என் மாமா, எதையும் சிரிப்பாகப் பேசுகிறவர்.

"இவன் காலை இவனே மிதிக்கட்டும் லா. ஒத்தக் கால்ல நின்னு மிதிக்கச் சொல்லுக்கா."

"உன் வாயத்தான் மொதல்ல மிதிக்கணும்" என்றார் அம்மா.

ஆனால் அம்மாவின் முகத்தில் சிரிப்பு இல்லை. பக்கத்து வீட்டு அத்தை சும்மா இருக்காமல், "கால் கோணிக்கிட்டா அப்புறம் மேட்டுல எப்படி ஏறுவான்? எந்தக் கங்காணி இவனுக்குப் பால் வெட்ட மரம் குடுப்பான்?" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். தோட்டத்தில் பிறந்தவனுக்குக் கால்தான் பிழைப்பு. தோட்டத்து மருந்தகத்தில் டிரஸர் ஒருவர் இருந்தார். மருந்து கொடுப்பதும் கட்டுப் போடுவதும் அவர் வேலை. அவரிடம் காட்டினால் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார், ஆஸ்பத்திரிக்குப் போனால் காலை அறுப்பார்கள் என்று அம்மாவுக்குப் பயம்.

மாமாதான் வழி சொன்னார். சிம்பாங் அம்பாட் பக்கம் கோழிப் பண்ணையில் வேலை செய்கிற ஒரு குடும்பத்தில், என்னைப் போலவே கால் முந்திப் பிறந்த ஒரு பெண் இருக்கிறாளாம். சொன்ன கையோடு மோட்டார் சைக்கிளை முறுக்கிக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது பின்னால் ஒரு பெண்ணும் அவள் அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள்.

அவளுக்கும் என் வயதுதான் இருக்கும். இரட்டைப் பின்னல். வீட்டு வேலையை விட்டுவிட்டு வந்தவள் போல முகத்தை உம்மென்று வைத்திருந்தாள். அவள் அம்மா இறங்கி நடந்தபோது ஒரு பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. ஒவ்வொரு எட்டுக்கும் அந்தப் பக்கம் சாய்ந்து நிமிர்ந்தார்.

"உங்களுக்குக் காலு என்னாச்சு?" என்று அம்மா கேட்டார்.

"அது பழசு லா, அக்கா" என்றார் அவர். அந்தப் பெண் தரையைப் பார்த்தாள்.

அவள் குனிந்து என் காலின் வீக்கத்தைப் பார்த்தாள். பிறகு திடீரென்று பெரிய மனுஷி மாதிரி, "எல்லாரும் வெளிய போங்க. ஆளுங்க பார்த்தா பலிக்காது" என்றாள்.

நான் ஊரே பார்க்க மிதித்தவன். அப்படி ஒரு சட்டம் இருப்பது எனக்குப் புதிது. மாமாவும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஆனால் அவள் அம்மா மகளை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டு, அவரே முதலில் எழுந்து, "ஆமா, வாங்க, நாம வெளிய இருப்போம்" என்று எல்லோரையும் அழைத்துக்கொண்டு போனார்.

கதவைச் சாத்திவிட்டு அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீயும் மிதிப்பியாமே?"

தலையாட்டினேன்.

"நீ மிதிச்சா போவுதா?"

"போவுதே. எல்லாரும் போயிருச்சுன்னுதான் சொல்றாங்க."

"இன்னும் வலிக்குதுன்னு சொன்னா நீ மறுபடி மிதிப்பே. அதான் அப்படிச் சொல்றாங்க."

எனக்குக் கோபம் வந்தது. அவள் என் தலைக்கடியில் இருந்த தலையணையை உருவி, இரண்டாக மடித்து, என் காலுக்கு எட்டத்தில் போட்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டு அதன் மேல் ஏறி நின்றாள்.

"நான் மிதிக்கிறேன். நீ கத்து."

நான் தலையணையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கத்து லா! சத்தம் வரலன்னா உள்ள வந்துருவாங்க."

கத்தினேன். வகுப்பில் 'உள்ளேன் ஐயா' என்பதையே உதட்டுக்குள் சொல்கிறவனிடம் அவ்வளவு சத்தம் இருந்தது அன்றுதான் தெரிந்தது. வெளியே மாமா, "ஆ, இதுதான் மிதி!" என்று பாராட்டுவது கேட்டது. அவள் தலையணையை இன்னும் இரண்டு மிதி மிதித்தாள், பிறகு குனிந்து காதருகே, "யார்ட்டயும் காலக் குடுக்காத. டிரஸர்ட்ட போ" என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தாள்.

அம்மா கொடுத்த மைலோவைக் குடித்துவிட்டு அவள் போனாள். சாய்ந்து சாய்ந்து நடந்த அவள் அம்மா முன்னால், அவள் பின்னால். நான் படுத்தபடியே வாசல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விடிந்தபோது கால் இன்னும் பெருத்திருந்தது. அம்மா என்னையும் காலையும் மாறி மாறிப் பார்த்தார். நான் பெரிய சங்கடத்தில் இருந்தேன். அவள் ஏமாற்றிவிட்டாள் என்று சொன்னால் மறுபடி அழைத்து வந்து நிஜமாகவே மிதிக்க வைப்பார்கள். சொல்லாவிட்டால் என் கால் இப்படியே கோணிப்போகும். இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. தைரியத்தால் அல்ல. யாரிடம் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாததால். கடைசியில் கால் கோணிவிடுமோ என்ற பயம் அம்மாவின் ஆஸ்பத்திரிப் பயத்தை வென்றது. அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு டிரஸரிடம் ஓடினார். அவர் காலைத் தொட்டுப் பார்த்து, அட்டை வைத்துக் கட்டி, தோட்டத்து வேனில் டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்.

படம் பிடித்துப் பார்த்த டாக்டர் தமிழர். கணுக்கால் எலும்பில் தலைமுடி மாதிரி ஒரு விரிசல் இருப்பதைக் காட்டினார். எலும்பைக் கட்டிப் பிடித்திருக்கிற நாரும் கிழிந்திருக்கிறது என்றார். பிறகு கண்ணாடிக்கு மேலாக அம்மாவைப் பார்த்தார்.

"யாரையாச்சும் விட்டு மிதிச்சீங்களாம்மா? எண்ணெய் போட்டு உருவினீங்களா?"

என் தோளில் இருந்த அம்மாவின் கை இறுகியது.

"ஐயோ இல்ல டாக்டர். யாருமே மிதிக்கல."

"நல்ல வேளை. மிதிச்சிருந்தா எலும்பு விலகிப் போயிருக்கும். கால் நேராவே சேர்ந்திருக்காது."

அம்மாவின் முகம் வெளுத்தது. பொய் சொல்லிவிட்டோம் என்று அம்மா நினைத்தார். அது முழு உண்மை என்பது அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். நான் மேலே சுற்றிய காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா மாமாவிடம் ரகசியமாகச் சொன்னார். "அந்தப் புள்ள காலு பஞ்சு மாதிரி போல இருக்குடா. மிதிச்சும் ஒண்ணும் ஆகல பாரு." ஒரு டின் பிஸ்கட்டை அவள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்கள். ஏமாற்றுக்காரிக்குப் பிஸ்கட் டின்னா என்று எனக்கு வயிறு எரிந்தது.

ஆஸ்பத்திரியில் போட்ட மாவுக்கட்டைப் பிரித்தபோது உள்ளே இருந்தது என் கால் மாதிரியே இல்லை. வெளுத்து, மெலிந்து, யாருடையதோ போல இருந்தது. ஊன்றவே பயம். ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு திரிந்தேன். ஆஸ்பத்திரியில் காலுக்குப் பயிற்சி கொடுக்கிற அறைக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்தவர் ஒரு மலாய்க்காரர். அம்மா அவரை 'எஞ்சே' என்று மரியாதையாகக் கூப்பிடுவார். அவர் தன் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தில் சுற்றியிருந்த ரப்பர் வளையத்தை எடுத்து என் முன்னால் இழுத்துக் காட்டினார். உன் காலுக்குள் இருப்பது இந்த மாதிரிதான், கிழிந்தபோது இழுத்தால் அறுந்துபோகும், அதனால்தான் கட்டி வைத்தோம், இப்போது சேர்ந்துவிட்டது, இனிமேல் சும்மாவே வைத்திருந்தால் விறைத்துப்போகும் என்று மலாயில் சொன்னார். அம்மா எனக்குத் தமிழில் சொன்னார். பால் வெட்டுகிற அம்மாவுக்கு ரப்பரைப் பற்றிச் சொன்னால் புரியாமலா போகும்!

"பெலான் பெலான்" என்பார் அவர் அடிக்கடி. மெதுவாக, மெதுவாக. காலைக் காற்றில் நீட்டி, கட்டைவிரலால் ஏபிசி எழுதச் சொன்னார். எனக்கு ஏபிசி பாதியில் நின்றுவிடும். வெட்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அம்மாதான், "உனக்குத் தெரிஞ்சத எழுதுடா" என்றார். அ எழுதினேன். ஆ எழுதினேன். இ எழுதியபோது கணுக்கால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வந்தது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கவனித்தார். பிறகு அம்மாவிடம் சிரித்துக்கொண்டே சொன்னார், இந்தக் காலுக்கு உங்கள் எழுத்துதான் நல்ல எழுத்து, வளைவு வளைவாக இருக்கிறது என்று. தோட்டத்துக்குத் திரும்பியதும் அம்மா இதைச் சொல்லாத ஆள் இல்லை.

பல் தேய்க்கும்போது அந்தக் காலில் மட்டும் நிற்க வேண்டும் என்பது இன்னொரு பயிற்சி. நான் தனியாகச் செய்யக் கூச்சப்படுவேன் என்று அம்மாவும் பக்கத்தில் ஒற்றைக் காலில் நின்று பாத்திரம் கழுவினார். விடியற்காலையில் பொதுக் குழாயடியில் தாயும் மகனும் கொக்கு மாதிரி நிற்பதைப் பார்த்து மாமா, "எந்தக் கோயிலுக்கு வேண்டுதல்?" என்று கேட்பார். விளையாட்டுப் போட்டி எப்போதோ முடிந்திருந்தது. ஆனால் நான் நேராக நடந்தேன்.

பிறகும் ஆட்கள் மிதிக்கச் சொல்லி வந்தார்கள். மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வராது. பூனை மாதிரி காலை வைத்து வைத்து எடுத்தேன். அப்போதும் அவர்கள், "போயிருச்சுடா தம்பி" என்றுதான் சொன்னார்கள். சிம்பாங் அம்பாட் பெண் சொன்னதில் ஏதோ இருக்கிறது என்று அப்போதுதான் முதல் சந்தேகம் வந்தது.

ஆறாம் ஆண்டோடு படிப்பு நின்றது. அந்தக் காலை வைத்துத்தான் மேட்டில் ஏறிப் பால் வெட்டினேன், மூட்டை தூக்கினேன், கல்யாணம் கட்டினேன். இப்போது பாச்சாங்கில் ஆணி, சிமெண்ட் விற்கிற ஒரு வன்பொருள் கடையில் வேலை. போன மாதம் லாரியிலிருந்து இறங்கும்போது அதே கால் பிசகியது. இந்தத் தடவை எலும்புக்கு ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரிப் பயிற்சி அறையில் இருந்தது நம் தமிழ்ப் பெண், என் மகள் வயது.

"காலத் தூக்கி ஏபிசி எழுதுங்க அங்கிள்."

நான் அ ஆ இ எழுதினேன். பள்ளியை விட்ட பிறகு என் கையைவிடக் கால்தான் அழகாக எழுதும் என்று நினைக்கிறேன். அவள் சிரித்துவிட்டாள்.

"யாரு சொல்லிக் குடுத்தாங்க? சூப்பரா வருதே!"

சொன்னேன். மிதிக்க ஆள் கூட்டி வந்ததையும், தலையணையையும் சொன்னேன். இத்தனை வருஷத்தில் யாரிடமும் சொல்லாத கதை அது.

"தப்பிச்சீங்க அங்கிள்" என்றாள் அவள். "இங்க ஒரு அம்மா வர்றாங்க, வேற ஏதோ எஸ்டேட் ஆளு. பாதம் இப்படி வெளிய திரும்பியிருக்கும். வயசுல அடிபட்டப்போ யாரோ மிதிச்சிருக்காங்க. அப்படியே கோணலா சேர்ந்துருச்சு. இனிமே ஒண்ணும் பண்ண முடியாது."

உ எழுதிக்கொண்டிருந்த என் கால் அந்தரத்தில் நின்றது.

அந்தப் பெண்ணின் பெயரை அன்று நான் கேட்கவில்லை. கூச்சம். அதனால் இன்று நன்றி சொல்ல நினைத்தாலும் யாருக்குச் சொல்வது என்று தெரியவில்லை. காலையில் ஒற்றைக் காலில் நின்று பல் தேய்க்கும்போது மனசுக்குள் சொல்லிக்கொள்கிறேன். அவளுக்கும், கதவைச் சாத்த வழிவிட்ட அவள் அம்மாவுக்கும்.

அன்று வாசல் வழியாக அவர்கள் போவதைப் பார்த்துக்கொண்டு கிடந்தபோது, சின்னப் பையனாகிய எனக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. இப்படி ஒரு மகளை வீட்டிலேயே வைத்துக்கொண்டு, அந்த அம்மா ஏன் காலை இழுத்து இழுத்து நடக்கிறார்? ஒரு தடவை இவளை மிதிக்கச் சொல்லியிருக்கலாமே?

சொல்லியிருப்பார், அவளும் மிதித்திருப்பாள் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.