சிஞ்ஞோராவின்ரை துவக்குக்கு என்ரை தோள் அளவு

இத்தாலியிலை, பலெர்மோவிலை நான் வேலை செய்த வீட்டிலை எனக்கு உடுப்பு வாங்கவேண்டிய தேவையே வரேல்லை. சிஞ்ஞோரா எண்டு நான் கூப்பிடுற வீட்டுக்கார அம்மாவும் நானும் ஒரே உயரம், ஒரே தோள், ஒரே கைநீளம். அவ போட்டு அலுத்த கோட்டுகளை ஒரு தையல் பிரிக்காமல் போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவன். எங்கடை ஆக்கள் கோயில் வாசல்லை நிண்டு, "இந்தா வாறா எங்கடை சிஞ்ஞோரா" எண்டு பகிடி பண்ணுவினம். நான் விடுவனே? "ஓம், விலத்தி வழியை விடுங்கோ" எண்டு சொல்லிக்கொண்டு உள்ளுக்குப் போயிடுவன்.

அந்த ஒரே அளவுதான் என்னைக் கொண்டுபோய் ஒரு துவக்குக் கடையிலை நிப்பாட்டினது.

சிஞ்ஞோரா பலெர்மோக்காரி இல்லை. வடக்கிலை பனிமலைப் பக்கம் பிறந்து, இஞ்சை கலியாணம் முடிச்சு வந்தவ. ஒவ்வொரு வருஷமும் குளிர் தொடங்கேக்கை புருஷனோடை தன்ரை ஊருக்குப் போவா. அங்கை மலையாடு வேட்டை. அவர் சுடுவார், இவவும் சுடுவா. மனிசன் செத்தாப்பிறகு, அவரின்ரை நினைவா அவரின்ரை துவக்கையே தூக்கிக்கொண்டு போனா. அந்த மனிசன் பனை மாதிரி உயரம். துவக்கும் அவரின்ரை கைக்கெண்டு செய்தது. இவ கழுத்தை நீட்டி, தோளைத் தூக்கி, பள்ளத்தாக்குக்கு அங்கால நிண்ட ஆட்டுக்கு வெடி வைச்சிருக்கிறா. பட்டது, ஆனா படவேண்டிய இடத்திலை படேல்லை. பின்னங்காலை இழுத்துக்கொண்டு பாறைக்குள்ளை ஓடிட்டுது. நாயை விட்டு இருட்டும்வரைக்கும் தேடினவை. அடுத்த நாளும் தேடினவை. கிடைக்கவே இல்லை.

திரும்பி வந்த சிஞ்ஞோரா நித்திரை கொள்ளேல்லை. நான் குடியிருந்த சீசாப் பக்கத்திலை இருந்து முதல் பஸ் பிடிச்சு வந்தால், அவ எனக்கு முன்னமே குசினியிலை ஆறின கோப்பியோடை இருப்பா. "எங்கையோ கிடந்து துடிச்சிருக்கும்" எண்டுவா. மகன்மார் சிரிச்சாங்கள். "அம்மா, அது ஒரு ஆடு." எனக்கு வந்த கோவத்துக்கு அவங்கள் தின்ற தட்டைப் பறிச்சிருப்பன். வேலைக்காரி எண்டதாலை வாயை மூடிக்கொண்டு கீரையை அரிஞ்சன்.

கடைசியிலை அவ ஒரு முடிவுக்கு வந்தா. தன்ரை உடம்புக்கு அளவான துவக்கு ஒண்டு எடுப்பா, இன்னொருக்காப் போவா, ஒரே வெடியிலை விழுத்துவா. ஏலாட்டில் எல்லாத்தையும் வித்துப்போட்டு இனி மலைப்பக்கமே போகமாட்டா. சரி, நல்ல முடிவுதான். ஆனா அந்தக் கோடையிலை மொண்டெல்லோக் கடற்கரையிலை படியிலை சறுக்கி விழுந்து வலது தோளை உடைச்சுக்கொண்டா. வேட்டை தொடங்கக் கொஞ்ச நாளைக்கு முன்னம்தான் கையைத் தூக்கலாம் எண்டுட்டார் டொக்டர். துவக்கிலை தோளோடை அணைக்கிற கட்டையை ஆளுக்கு அளவா வெட்டிச் சரிபண்ண அதுக்கு முன்னமே கடையிலை குடுக்கவேணும்.

ஒருநாள் நான் யன்னல் துடைச்சுக்கொண்டு நிக்க, என்னை உச்சியிலை இருந்து பாதம்வரைக்கும் பாத்தா. "நீர் என்னோடை வாரும்" எண்டா.

"எங்கை?"

"என்ரை தோளுக்குப் பதிலா உம்மடை தோள்."

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பெர்மெஸ்ஸோ எண்ட இருப்பு அனுமதியைப் புதுப்பிக்கிற நேரம், ஒரு தமிழ்ப் பொம்பிளை துவக்கோடை நிக்கிறதைக் குவெஸ்தூராப் பொலிஸ்காரன் ஆரும் கண்டால் என்ன கதி எண்டு கேட்டன். அவ தான் பொறுப்பு எண்டா. சரி, போய் நிண்டுபோட்டு வருவம், சட்டை அளவு குடுக்கிறமாதிரித்தானே எண்டு நினைச்சன்.

கடைக்காரன் ஒரு துவக்கைத் தூக்கி என்ரை பக்கம் நீட்டினான். என்ரை கை எழும்பேல்லை. பிடிச்சு வைச்சமாதிரி இரண்டு கையும் கீழையே நிண்டுட்டுது.

"சிஞ்ஞோரா, எனக்கு ஏலாது" எண்டன். ஏன் எண்டும் சொன்னன், ஒளிக்கிறதுக்கு என்ன கிடக்கு? மன்னாரிலை சண்டை நேரம் எங்கடை வீட்டுக்குப் பின்னாலை என்ரை தம்பிக்குக் காலிலை வெடி பட்டது. பக்கத்து வீட்டு ஆக்கள் கண்டவை. நொண்டி நொண்டிப் பத்தைக்குள்ளை ஓடினவன். அவ்வளவுதான். உடம்பு கிடைக்கேல்லை, சேதியும் கிடைக்கேல்லை. அம்மா இண்டைக்கும் அவன்ரை ஆத்துமாவுக்கு இல்லை, சுகத்துக்குத்தான் பூசை ஒப்புக்குடுக்கிறா.

சிஞ்ஞோரா கிட்ட வந்தா. நல்லாயிருந்த இடது கையாலை என்ரை முழங்கையைப் பிடிச்சா. "வீட்டை போவம். நான் இந்த முறை மலைக்குப் போகேல்லை" எண்டா.

அதோடை போயிருப்பம். அந்தக் கடைக்காரன் வாயைச் சும்மா வைச்சிருந்தால்!

"இதுக்கு ஏன் இவ்வளவு மெனக்கேடு?" எண்டான். சுவரிலை தொங்கின பெரிய மாக்னம் துவக்கைக் காட்டி, "பொம்பிளையளுக்கு அளவும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். இதைக் கொண்டு போங்கோ. எங்கை பட்டாலும் விழும்" எண்டான்.

எங்கை பட்டாலும் விழுமோ? எனக்கு உச்சியிலை ஏறிட்டுது. "தம்பி, எங்கை பட்டாலும் விழாது. காலிலை பட்டால் ஓடும். ஓடிப்போய் எங்கையோ சாகும், தேடுற ஆக்கள் வாழ்நாள் முழுக்கத் தேடுவினம். அதைக் கொண்டா இஞ்சை, முதல் அதைப் பாப்பம்" எண்டு கையை நீட்டினன். என்ரை சத்தத்துக்கு மற்ற வாடிக்கையாளர் எல்லாம் திரும்பிப் பாத்தினம். பாக்கட்டும்.

உள்ளுக்கு ஒண்டும் இல்லை எண்டு திறந்து காட்டச் சொல்லிப்போட்டுத்தான் தொட்டன். சிஞ்ஞோரா கதிரையிலை இருந்து சொல்லித் தந்தா: கண்ணை மூடும், தோளிலை வையும், கன்னத்தைக் கட்டையிலை சாய்ச்சுப்போட்டுக் கண்ணைத் திறவும். மேலை பூட்டியிருக்கிற தூரக்கண்ணாடிக்குள்ளை வட்டம் முழுசாத் தெரியவேணும். ஓரத்திலை கறுப்பு விழுந்தால் அளவு பிழை.

மாக்னத்திலை பாதி வட்டம் கறுப்பு. நீளம் கூட. சுட்டால் அது தாற உதையிலை ஆறின தோள் திரும்பவும் போயிடும், அதோடை உதைக்குப் பயந்தவ வெடிக்கு முதலே கண்ணை மூடுவா எண்டு சிஞ்ஞோராவே சொன்னா. வேண்டாம். அடுத்தது குழல் தடிச்ச போட்டித் துவக்கு. படுத்துச் சுட்டால் ஊசிமுனையிலை அடிக்குமாம். எனக்குத் தூக்கிப் பிடிக்கவே பல்லாரோச் சந்தையிலை இருந்து முழுக் கிழமைக்குச் சாமான் காவிக்கொண்டு வாறமாதிரிக் கை இழுத்தது. "இதைக் காவிக்கொண்டு மலை ஏற நீங்கள் என்ன கோவேறு கழுதையே?" எண்டு கேட்டன். சிஞ்ஞோரா தோள் நோகநோகச் சிரிச்சா.

மூண்டாவது பாக்க ஒரு வடிவும் இல்லை. பளபளப்பு இல்லாத கட்டை, சின்னச் சன்னம், உதை குறைவு. சன்னம் ஏத்திற போல்ட்டை இழுத்தன். தடக்காமல் வந்தது, திரும்பவும் தள்ளக் கன்னத்தை எடுக்கத் தேவையில்லாமல் போய்ப் பூட்டுப்பட்டுது. விசையும் இழுபடாமல் கண்ணாடி உடையிறமாதிரி டக்கெண்டு விட்டது. கட்டை மட்டும் எனக்கு ஒரு விரல் அளவு நீளம். கடைக்காரன் முழங்கை மடிப்பிலை இருந்து விசைவிரல்வரைக்கும் அளந்தான். ஒருக்கா இல்லை, திரும்பத் திரும்ப அளக்கப் பண்ணினன். அவனும் அதுக்குப் பிறகு மரியாதையாச் "சிஞ்ஞோரா" எண்டுதான் என்னையும் கூப்பிட்டான்.

வெட்டிச் சரிபண்ணின பிறகும் போய்ப் பாத்தன். கண்ணை மூடி வைச்சுத் திறந்தன். வட்டம் முழு நிலா. கடைப் பின்சுவரிலை தொங்கின கலண்டரின்ரை சின்ன எழுத்தெல்லாம் முகத்துக்கு முன்னாலை வந்து நிண்டுது. முதல் நாள் எழும்பாத அதே கைதான் பிடிச்சுக்கொண்டு நிண்டது. அது எனக்கே ஆச்சரியம்.

"இதுதான்" எண்டன். சிஞ்ஞோரா அதையே எடுத்தா. தோள் ஆறினாப்பிறகு சுடுகளத்துக்குப் போய்ப் பழகினா. ஓட்டை விழுந்த கடதாசியளைக் கொண்டுவந்து குசினி மேசையிலை விரிப்பா. முதல் அங்கொண்டும் இஞ்சொண்டுமா இருந்த ஓட்டையள், போகப்போக ஒண்டுக்குப் பக்கத்திலை ஒண்டா வந்து சேர்ந்துது. "இப்ப போங்கோ" எண்டு நான் சொன்னாப்பிறகுதான் போனா.

அவ வடக்குக்குப் போய், நான் தனிய வீட்டைக் கூட்டிக்கொண்டிருக்கேக்கை டெலிபோன் அடிச்சது.

"ஒரே வெடி" எண்டா. "நிண்ட இடத்திலையே விழுந்துட்டுது."

"கிட்டப் போய்ப் பாத்தனீங்களோ?"

"பாத்தன்."

"கையை வைச்சுப் பாத்தனீங்களோ?"

"வைச்சன். இன்னும் சூடு இருந்தது. மூச்சு இல்லை."

"அப்ப சரி" எண்டன். "இனி நித்திரை கொள்ளுங்கோ."

அவ டெலிபோனை வைக்கேல்லை. பிறகு, "உம்மடை தம்பியை அண்டைக்கு நீங்கள் எல்லாரும் தேடினனீங்களோ?" எண்டு கேட்டா.

"தேடுறம், சிஞ்ஞோரா" எண்டன்.