மாப்பிள்ளையைப் பெற்றவள்

என் தங்கைக்குப் பரிசம் போட எல்ல என்ற ஊர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்களுக்கு அம்மாதான் தேத்தண்ணி கொண்டுவந்தாள். மாப்பிள்ளை கோப்பையை வாங்கக் கை நீட்டினார். அம்மா அதை விடவில்லை. ஒரு கணம் இரண்டு பேருமே அதைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சூடு அவர் கையைச் சுட்டுவிடுமோ என்று விடாமல் நிற்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

வந்தவர்கள் போனதும், எங்கள் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் என்னைக் கூப்பிட்டாள்.

“தம்பி, அந்தப் பையனோட சுண்டுவிரலப் பாத்தியா?”

“இல்லையேம்மா.”

“ரெண்டு கையிலயும் உள்பக்கமா வளஞ்சிருக்கு. ஒங்கப்பாவுக்கு இருந்த மாதிரியே.”

அப்பா இறந்து சில வருஷம் ஆகியிருந்தது. அந்த விரல் என் தங்கைக்கும் அப்படியே வந்திருந்தது. எனக்கு அம்மாவின் விரல், நேரானது. விரல் வளைந்தவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர் என்று சொன்னேன். அம்மா சாம்பல் படிந்த கையை அப்படியே வைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

“அவனப் பெத்தவ பேரு என்னான்னு, அவன வளத்த அத்தைக்காரி சொன்னாளே, கேட்டியா? ஒங்கப்பா காய்ச்சல்ல கெடந்தப்ப அந்தப் பேரச் சொல்லித்தான் கூப்புட்டுக்கிட்டே இருந்தாரு. நான் பக்கத்துல இருக்கேன், அவரு அவளக் கூப்புடுறாரு.”

மாப்பிள்ளையின் தாய் கைக்குழந்தையோடு அந்தத் தோட்டத்துக்கு வந்தவள் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அங்கே ஒருவர் அவளைச் சேர்த்துக்கொண்டு, பிள்ளைக்கும் தகப்பனாக நின்றார். இருவருமே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பிள்ளையை வளர்த்தது அந்த மனிதரின் அக்கா. குழந்தையின் சொந்தத் தகப்பன் யார் என்று அவளுக்கும் தெரியாது.

“ரெண்டும் ஒரே தகப்பன் புள்ளைங்களா இருந்துட்டா என்னடா பண்றது?” என்றாள் அம்மா.

கல்யாணம் தை மாதத்துக்கு என்று பேசியாகிவிட்டது. காரணம் சொல்லாமல் நிறுத்தினால் தங்கையின் பெயர் கெடும். காரணத்தைச் சொன்னாலோ அப்பாவின் பெயர் போவதோடு, அவளுக்கு வேறு இடமும் அமையாது. எங்களுக்கு இருந்த ஒரே வழி, யாருக்கும் தெரியாமல் உண்மையைக் கண்டுபிடிப்பது.

அப்பாவைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது மிகக் குறைவு. சிறு பிள்ளையாகத் திருச்சிப் பக்கத்திலிருந்து தோட்ட வேலைக்கு வந்த ஆள்கூட்டத்தோடு இலங்கைக்கு வந்தவர். ஹல்துமுல்லைப் பக்கம் ஒரு தோட்டத்தில் வளர்ந்து, பிறகு நமுனுகுல மலைக்கு வந்து அம்மாவைக் கட்டினார். சொந்தபந்தம் பற்றிக் கேட்டால், “எனக்கு யாருமில்ல” என்பார். அதற்கு மேல் பேசமாட்டார்.

நான் தோட்டத்தில் சின்னக் கணக்கப்பிள்ளையாக இருந்தேன். காலையில் ஆட்களைக் கூட்டும் பெரட்டில் அவர்களைப் பிரித்து மலைக்கு அனுப்பியபின், வயதானவர்களாகப் பார்த்துப் பேச்சுக் கொடுத்தேன். கல்யாணத்துக்குச் சொந்தக்காரர்களை அழைக்கவேண்டும், அப்பாவின் ஆட்கள் யாராவது இருக்கிறார்களா என்பது நான் சொன்ன சாக்கு. ஒவ்வொருவரும் ஒவ்வொரு கதை சொன்னார்கள். ஒருவர் எங்கள் பாட்டனாருக்குக் குதிரை இருந்தது என்றார். எங்கள் குலசாமி எந்த ஆற்றங்கரையில் இருக்கிறது என்று இன்னொருவர் விவரித்தார். அப்பா ஒரு கங்காணியோடு சண்டை போட்டுக்கொண்டு ஓடி வந்தவர் என்றார் மூன்றாமவர். குதிரைக்காரரின் கதை எனக்குப் பிடித்துப்போய்விட்டது. பயத்தை மறந்து, மாலைதோறும் அவரிடம் போய் உட்கார்ந்தேன்.

அம்மாவுக்குக் கோபம் வந்தது. “நீ எதக் கேக்கப் போன? குதிரையவா? நாளு ஓடிக்கிட்டிருக்கு.”

அன்று என் பழைய பள்ளிக்கூடத்துச் சிலேட்டை எடுத்தேன். காகிதத்தில் எழுதப் பயம். சிலேட்டென்றால் உடனே அழித்துவிடலாம். நடுவில் ஒரு கோடு போட்டேன். ஒரு பக்கம் கண்ணால் பார்த்தவர்கள் சொன்னது, மறுபக்கம் காதால் கேட்டவர்கள் சொன்னது. மாப்பிள்ளையின் தாய் எங்கள் அப்பாவுக்கு யார் என்பதோடு ஒட்டாத எதையும் எழுதக்கூடாது என்று முடிவு செய்தேன். குதிரை போயிற்று, குலசாமி போயிற்று, கங்காணியும் போனான். கேள்விப்பட்ட பக்கத்தில் மிஞ்சியது, “ஹல்துமுல்லைப் பக்கத்துல ஒங்கப்பாவுக்கு ஒருத்தி இருந்தாளாம்” என்று இரண்டு பேர் சொன்ன ஒரே வரி. பார்த்தவர்கள் பக்கம் வெறுமையாக இருந்தது. இத்தனை பேரைக் கேட்டும் ஒருவர்கூடப் பார்த்தவரில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் பீலிக்கரையில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த ஒருத்தி, “என்னங்க ஐயா, பழங்கதையெல்லாம் கெளர்றீங்க? கல்யாணத்துல ஏதும் சிக்கலா?” என்று சிரித்தாள். அதோடு தோட்டத்துக்குள் கேட்பதை நிறுத்திவிட்டேன்.

தங்கைக்கும் சந்தேகம் வந்துவிட்டது. சுளகில் அரிசிக்குக் கல் பொறுக்கிக்கொண்டே, “மாப்பிள்ள மேல ஏதும் கொறையாண்ணே? இருந்தா சொல்லிடு” என்றாள்.

“ஒண்ணுமில்லம்மா.”

அவள் விரல்கள் அரிசிக்குள் ஓடிக்கொண்டிருந்தன. நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பதுளைக் கடைத்தெருவிலிருந்து துணி மூட்டையோடு தோட்டந்தோட்டமாக வரும் ஒரு முஸ்லிம் வியாபாரி இருந்தார். நாங்கள் நானா என்று கூப்பிடுவோம். ஒரு லயத்துப் பேச்சை அடுத்த லயத்துக்குக் கொண்டுபோகாதவர். பரிசச் சேலையும் அவரிடம் வாங்கியதுதான். வேறு வழி தெரியாமல் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மூட்டையைக் கட்டிக்கொண்டே கேட்டார்.

“தம்பி, அந்தப் புள்ள பொறந்தது எந்தத் தோட்டத்துல?”

“ஹல்துமுல்லைப் பக்கம்னு அத்தைக்காரி சொன்னா.”

“அங்க ஒரு மருத்துவச்சி இன்னும் உசுரோட இருக்கா. அந்த மலையில பொறந்த புள்ளையெல்லாம் அவ கையிலதான் விழுந்திச்சு. நான் அந்தப் பக்கம்தான் போறேன், வாங்க. ஊரெல்லாம் கேட்டுத் திரிய வாணாம்.”

தோட்டத்துத் துரையிடம் லீவு வாங்கிக்கொண்டு புறப்பட்டேன். எங்கள் பக்கம் ரயில் வராத காலம். பண்டாரவளை வரை நடந்து, பிறகு நானாவுக்குத் தெரிந்த ஒரு மாட்டு வண்டியில் அப்புத்தளை மேடேறி அந்தப் பக்கம் இறங்கினோம். மூடுபனியில் மாட்டின் கொம்புகூடத் தெரியவில்லை. பயமெல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிவந்தது. கிழவி செத்துப்போயிருந்தால்? நினைவு தப்பியிருந்தால்? நான் பயந்ததையே சொல்லிவிட்டால்? அதைக் கேட்டபின் வீட்டுக்குப் போய்த் தங்கையின் முகத்தை எப்படிப் பார்ப்பேன்?

அவள் இருந்தாள். கண்ணில் பூ விழுந்து, லயத்து வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருந்தாள். நான் யார் மகன் என்று சொல்லவேண்டாம் என்று நானாவிடம் வழியிலேயே கேட்டுக்கொண்டிருந்தேன். தெரிந்தால் என் மனசுக்கு ஏற்றபடி பேசிவிடுவாளோ என்று பயம். மாப்பிள்ளையின் தாய் பெயரை மட்டும் சொன்னேன்.

“ஆயா, அவளோட புள்ளைக்குத் தகப்பன் யாரு?”

வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னாள்.

“அவனா? மண்ணு சரிஞ்சு செத்தான். புள்ள மொகத்தக்கூட பாக்கல.”

“அப்ப, இங்கேருந்து நமுனுகுலப் பக்கம் போனாரே...” என்று அப்பாவின் பெயரைச் சொன்னேன். “அவரோட இவளுக்குத் தொடர்புன்னு பேசிக்கிறாங்க.”

“எவன் சொன்னான்? அவன் அவளோட கூடப் பொறந்த அண்ணன்.”

“நீங்க கண்ணால பாத்ததா ஆயா, இல்ல யாரும் சொன்னதா?”

கிழவிக்கு ரோஷம் வந்துவிட்டது. “அவங்க ஆத்தாளும் நானும் ஒண்ணா கடல் தாண்டி, மன்னார்லேருந்து காட்டு வழியா நடந்து வந்தவங்க. வழியில பேதி கண்டு அவ செத்தா. குழியில எறக்குனது நான். இந்தப் பொண்ண இடுப்புல தூக்கிக்கிட்டு வந்ததும் நான். பையன் என் சேலையப் புடிச்சுக்கிட்டே நடந்தான். அந்த ஆத்தாளுக்குச் சுண்டுவிரலு இப்பிடி வளஞ்சிருக்கும். ரெண்டு புள்ளைக்கும் அதே விரலு.” தன் விரலை மறு கையால் வளைத்துக் காட்டினாள்.

விரலைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை.

அண்ணன் பேச்சைக் கேட்காமல் தங்கை ஒருவனோடு போய்விட்டாளாம். அன்றோடு, எனக்கு இனி யாருமில்லை என்று சொல்லிவிட்டு அவர் மலையேறிப் போனாராம். “பிரசவ நாள் நெருங்குனப்ப அண்ணங்காரனுக்கு ஆளனுப்பினேன். வந்து வெளியிலயே நின்னான். உள்ள வரல. புள்ள அழுத சத்தம் கேட்டுச்சு, திரும்பி நடந்துட்டான்.”

“அப்ப ஒங்க தங்கச்சிக்கு அத்தை மகனில்லையா தம்பி!” என்று நானா என் தோளைப் பிடித்தார். “அல்ஹம்துலில்லாஹ்.”

திரும்பும் வழியிலும் எனக்கு நிம்மதி இல்லை. ஒரே ஒரு சாட்சி, அதுவும் கண் தெரியாதவள். “ஆயாவுக்கு நெனவு சரியாத்தான் இருக்கா நானா?” என்று மறுபடி மறுபடி கேட்டேன். “போன பெருநாளைக்கு முந்தி ஒரு சேலையத் தடவிப் பாத்துட்டு, முந்தின வருஷம் தந்ததவிட நூல் மோசம்னு திருப்பித் தந்தவ தம்பி அவ. எனக்குத்தான் மறந்துபோச்சு, அவளுக்கு மறக்கல்ல” என்றார்.

அம்மா முழுவதையும் கேட்டுவிட்டு அடுப்பின் முன் உட்கார்ந்துவிட்டாள். “தங்கச்சியா?” என்றாள். சந்தோஷப்படுவாள் என்றுதான் நினைத்தேன். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நெடுநேரம் அழுதாள். “எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே. நான் அவளக் கூட்டியாந்து வச்சிருப்பேனே.”

கல்யாணத்துக்கு முன்பே மாப்பிள்ளையிடம் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று எல்லப் பக்கம் போனேன். அவர் மறுத்துவிடுவாரோ, கோபப்படுவாரோ என்று அங்கும் பயம்தான். அவர் தலை குனிந்து கேட்டார். கடைசியில் கேட்டது ஒன்றைத்தான்.

“எங்கம்மா பாக்க எப்படி இருப்பாங்கன்னு அந்த ஆயா சொன்னாங்களா, மச்சான்?”

“நான் கேக்கலையே” என்றேன். என் ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு போய், பதில் கிடைத்ததும் எழுந்து வந்துவிட்டேன். அவளைப் பற்றி வேறு எதையும் கேட்கத் தோன்றவில்லை.

தை மாதம் கல்யாணம் நடந்தது. மறுமாதமே மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மறுபடி அப்புத்தளை மேடேறினேன். இந்தக் குளிரைக் கிழவி தாங்கியிருப்பாளா என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனேன். லயத்து வாசலில் அவளைக் காணவில்லை. பக்கத்து வீட்டுக்காரி, “காய்ச்சலுங்க, உள்ள படுத்திருக்கு” என்றாள். மாப்பிள்ளை செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், தான் யார் பிள்ளை என்று சொன்னார். கிழவி தட்டுத்தடுமாறி எழுந்து அவர் முகத்தைத் தடவினாள்.

“நெத்தி அவ நெத்தி” என்று ஆரம்பித்தாள்.

நான் வெளியே உட்கார்ந்துகொண்டேன். அவள் பேசிக்கொண்டே இருந்தாள். அவர் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே இருந்தார்.