இருபத்தெட்டாம் கிழமை

பிறப்பு இறப்புப் பதிவாளராக இருப்பவன் அழுகிறவர்களிடம் திகதி கேட்டாக வேண்டும். எண்பத்து மூன்றிலிருந்து பன்னிரண்டு வருடம் யாழ்ப்பாண நகரத்தில் அதைத்தான் செய்தேன். கந்தோர் மேசைக்கு எந்தப் பக்கத்தில் இருந்தாலும் சரி, படிவத்தோடு மல்லுக்கட்டியவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

இரண்டு நாள் குறைவு

மயிலிட்டியிலிருந்து ஒரு கடற்றொழிலாளி வந்தார். மனைவிக்குப் பிள்ளை இறந்தே பிறந்திருந்தது. ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த துண்டில் கர்ப்பகாலம் இருபத்தேழு கிழமையும் ஐந்து நாளும் என்று இருந்தது. இருபத்தெட்டுக் கிழமை நிரம்பியிருந்தால்தான் செத்துப் பிறந்த பிள்ளை என்று சட்டப்படி பதியலாம். அதற்கு முந்தியதற்குப் புத்தகத்தில் இடமில்லை. பதிய ஒன்றுமில்லை என்று மெதுவாகச் சொன்னேன்.

அவர் துண்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "நான்தான் தூக்கிக்கொண்டு போய்ப் புதைச்சனான் ஐயா. ஒண்டுமில்லாதது அவ்வளவு பாரமாய் இருக்குமோ?"

கால்மணி நேரம்

உடுப்பிட்டி ஆசிரியை ஒருவரின் பெண்குழந்தை கால்மணி நேரம் மூச்சுவிட்டு அடங்கிப்போனது. மூச்சு விட்டபடியால் பிறப்பும் எழுதவேண்டும், இறப்பும் எழுதவேண்டும். கூட வந்த தமையன், "பேரை விட்டிட்டு எழுதுங்கோ, அவள் மறக்கட்டும்" என்றார். ஆசிரியை அவரைத் திரும்பிப் பார்த்தா. "மூச்சு விட்டவள் எண்டு அரசாங்கமே ஒத்துக்கொள்ளுது, அண்ணை. பேரில்லாமல் அவள் ஏன் போகவேணும்?"

புத்தகத்தில் இல்லாத கேள்வி

பண்டத்தரிப்புப் பெண் ஒருத்தி புருஷனின் மரணப் பத்திரம் எடுக்க வந்தா. ஷெல் பட்டவர், நகர ஆஸ்பத்திரியில் இறந்திருந்தார். பத்திரத்தை வாங்கிய பிறகும் அவ எழும்பவில்லை. "சட்டம் உங்களுக்குத் தெரியும்தானே. எத்தினையாம் மாசத்திலையிருந்து அதை உயிரெண்டு சொல்லும்?" வீட்டில் மூன்று பிள்ளைகள். வயிற்றில் இரண்டு மாதம்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டும்தான் கருவைக் கலைக்கச் சட்டம் விடும். பிள்ளை வயிற்றில் துடிக்கத் தொடங்கிவிட்டால் தண்டனை இன்னும் கூடும். "ஷெல் விழுற ஊரிலை என்ரை உயிருக்கு எண்டைக்கு ஐயா ஆபத்தில்லை?" என்று கேட்டா. டொக்டரிடம் போகச் சொன்னேன்.

ஆறு கிழமை கழித்து அவவின் தங்கை வந்தா, அக்காவின் சாவைப் பதிய. யாரோ ஒருத்தியிடம் இரகசியமாகப் போய்க் கலைத்திருக்கிறா. காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரியில் முடிந்துபோனது. துண்டில் இருந்தபடி 'கிருமித் தொற்று' என்று எழுதினேன். தங்கை அந்த வரியை எழுத்துக்கூட்டி வாசித்தா. "உவ்வளவும் போதும் ஐயா. மூண்டு பிள்ளையளும் ஒருநாள் இதை வாசிப்பினம்."

உயிர் எப்போது தொடங்குகிறதென்று சட்டம் எனக்குத் தெளிவாகவே சொல்லித் தந்திருந்தது. என் மேசைக்கு வந்தவர்களில் ஒருவர்கூட அதை வாசித்துவிட்டு வரவில்லை.