புகை போன பிறகு

அந்தச் சந்தில் எல்லாருக்கும் அவள் கரியக்கா. இஸ்திரிப் பெட்டியில் கரி போட்டு, விசிறிக் கங்காக்கி, தெருவார் சட்டைகளை நிமிர்த்திக் கொடுப்பவள். வலக்கை இடக்கையைவிட ஒரு சுற்றுப் பருத்திருக்கும். வாய் அதைவிடப் பெரிது. "பாதிப் பேரோட மரியாதை என் கையிலதான் மடிப்புக் கலையாம இருக்கு" என்பாள்.

அவளும் புருஷனும் குடியிருந்தது பின்கட்டில் ஒற்றை அறை. ஒரு கதவு, ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர் மூக்கை இடிக்கும். வெயிலடித்தால் தள்ளுவண்டி தெருமுனை மரத்தடியில் நிற்கும். மழை பிடித்தால் வேலை அறைக்குள் வந்துவிடும்.

அதற்கும் ஒரு பக்குவம் வைத்திருந்தார்கள். கரியை வாசல் தகரக் கூரைக்கடியில் பற்றவைத்து, புகை அடங்கும்வரை பொறுத்து, கங்கு சிவந்து சாம்பல் பூத்த பிறகே பெட்டியை உள்ளே எடுப்பார்கள். துணியைக் கெடுப்பது புகைதான். அது போய்விட்டால் நெருப்பு பரம சாது. அப்படித்தான் நம்பியிருந்தார்கள்.

அந்த மழை விடுவதாயில்லை. சாரல் வெள்ளைத் துணியில் படக்கூடாதென்று புருஷன் ஜன்னலில் பிளாஸ்டிக் தாளை வைத்து ஆணியடித்திருந்தார். கதவடியில் கோணிச் சாக்கு. விடுதித் துணி மலையாகக் கிடந்தது. சாயங்காலத்துக்குள் வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்று மேனேஜர் கறாராகச் சொல்லியிருந்தார். பெட்டி ஒரு பக்கம், மாற்றுக் கங்குச் சட்டி மறுபக்கம், நடுவில் இவர்கள் இருவரும். அடுப்புக்குள்ளேயே குடித்தனம் நடத்துவது போலிருந்தது.

"ஏங்க, தலை வெடிக்குதுங்க. வயித்தப் பொரட்டுது."

"எனக்கும்தான். ராவெல்லாம் தூக்கமில்ல, அதான். மீதிய நான் தேய்க்கிறேன், நீ முடிஞ்சத குடுத்துட்டு வா."

"உங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டே இருந்தா தலை வலிக்காம என்ன பண்ணும்?"

"போடி, போ. கதவச் சாத்திட்டுப் போ, சாரல் அடிக்குது."

அவள் போனதும் உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. காற்றில் கதவு படபடக்காமலிருக்க அவர் வழக்கமாகச் செய்வதுதான்.

குடைக்குள் மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நடந்தாள். விடுதி வாசல் வருவதற்குள் தலை லேசாகிவிட்டது. நேற்றும் இப்படித்தான்: வெளியே வந்தால் வலி போகும், உள்ளே போனால் திரும்ப வந்து உட்காரும்.

"என்ன கரியக்கா, மொகம் வெளுத்துப் போயிருக்கு?" என்றார் மேனேஜர்.

"வீட்டுக்காரர் மூஞ்சியப் பாத்தா தலைவலி சார். இங்க வந்தா பறந்துபோயிடுது."

அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். பாதிச் சிரிப்பில் வாய் அப்படியே நின்றது. வீட்டுக்காரருக்கும்தானே தலைவலி? அவர் தன் மூஞ்சியைத் தானே பார்த்துக்கொண்டா இருக்கிறார்? அப்படியானால் வலி மூஞ்சியில் இல்லை. அந்த அறையில்தான் இருக்கிறது. தாழ்ப்பாள் போட்ட அந்த அறையில்.

மூட்டையை மேசையில் எறிந்துவிட்டு ஓடினாள். எவ்வளவு ஓடியும் தண்ணீர் காலைப் பிடித்துப் பின்னுக்கே இழுத்தது.

"ஏங்க! கதவத் தொறங்க!"

தாழ்ப்பாள் அசையவில்லை. கைவலிக்கத் தட்டினாள். பிறகு இரண்டு சுவர்களுக்கிடையே ஒருக்களித்து நுழைந்து, ஜன்னல் கம்பிகளுக்கிடையே கையை விட்டு அந்தத் தாளைக் கிழித்தாள். உள்ளே அவர் துணிக்குவியல்மேல் சாய்ந்து கிடந்தார். கங்கு செக்கச்செவேலென்று அழகாக இருந்தது. பேருக்குக்கூடப் புகை இல்லை.

"பட்டறை அண்ணே! ஓடி வாங்கண்ணே!"

அடுத்த வாசல் வெல்டிங் பட்டறைக்காரர் கடப்பாரையோடு வந்து கதவை நெம்பினார். மூச்சை அடக்கிக்கொண்டு இருவரும் பாய்ந்து, அவரைத் தரதரவென்று மழைக்குள் இழுத்துப்போட்டார்கள். பட்டறைக்காரரே ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார்.

ஆஸ்பத்திரியில் முகமூடி வழியே ஆக்சிஜன் ஏறியது. அவர் கண் திறந்ததும் கரியக்கா, புகையே இல்லாத அறையில் எது ஆளை அடித்தது என்று நர்ஸிடம் கேட்டாள்.

"அதுக்கு வாசனை கெடையாது, நெறம் கெடையாதும்மா. கார்பன் மோனாக்சைடுனு பேரு" என்றார் நர்ஸ். "கங்கு அணையிற வரைக்கும் வந்துக்கிட்டே இருக்கும்."

"புகை போனப்புறமுமா?"

"போனப்புறமும்தான். ஜன்னலத் தொறந்து வச்சாலும் போதாது. கரி உள்ள வரவே கூடாது."

அறை மாறவில்லை. மாற வேறு அறை இல்லை. அடுத்த மழையிலும் அதே ஒற்றைக் கதவு, அதே துணிமலை. வாசல் தகரத்துக்கடியில் தேய்த்துப் பார்த்தார்கள். சாரல் தேய்த்ததையெல்லாம் நனைத்தது. புருஷன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அந்த நாளுக்குப் பிறகு அவருக்குச் சிலது நினைவில் தங்குவதில்லை.

"புகை போயிடுச்சு, பாரு. நகரு."

கரியக்கா வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்தாள்.

"வேற எங்கடி போறது? விடுதிக்காரன் கையவிட்டுப் போயிடுவான்."

"போகட்டும். பெட்டி உள்ள வராது."

"உன் மூஞ்சியப் பாத்தா எனக்குத் தலைவலி வருது."

"வரட்டும். இங்க நின்னுக்கிட்டே பாருங்க. அந்தத் தலைவலி ஆள ஒண்ணும் பண்ணாது."

அவர் பெட்டியைத் தகரத்துக்கடியில் வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். மழை கொட்டிக்கொண்டேயிருந்தது. விடுதித் துணி அன்று கசங்கியே போய்ச் சேர்ந்தது.